எந்த ‘பிளேடு ரன்னர்’?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சினிமா பக்கத்தில், ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேடு ரன்னர்’ என்ற அறிவியல் புனைவுப் படம் பற்றி வெளியான கட்டுரை, படத்தின் மழையையும் இருட்டையும் நன்றாகவே எழுதியிருந்தது. ஆனால் வீட்டில் பார்க்க எந்த வட்டை வாங்கலாம் என்று சொல்லும் கடைசிப் பத்தியில் மூன்று தவறுகள் இருக்கின்றன. ‘டைரக்டர்ஸ் கட்’ என்பது ரிட்லி ஸ்காட் ஒவ்வொரு ஷாட்டாக உட்கார்ந்து முடித்த வடிவம் என்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் நீளமானது என்கிறது. அட்டையின் பின்னால் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை வைத்தே வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் சொல்கிறது. இதை நம்பி வாங்குகிறவர் கையில் வேறு படம்தான் இருக்கும்.

நிமிடக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 1982 அமெரிக்கத் திரையரங்க வடிவம் 117 நிமிடம். அதே ஆண்டு மற்ற நாடுகளுக்குப் போன சர்வதேச வடிவமும் 117. 1992-இன் டைரக்டர்ஸ் கட் 116. 2007-இன் ஃபைனல் கட் மறுபடியும் 117. முன்னோட்டக் காட்சிகளில் காட்டப்பட்ட, வேலை முடியாத பிரதியான வொர்க்பிரிண்ட் மட்டும் 113. ஆக, ஐந்தில் நான்கு ஒரே நிமிட வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கட்டுரை ‘நீளமானது’ என்று சொன்ன டைரக்டர்ஸ் கட் இந்த நான்கில் ஒரு நிமிடம் குறைவு.

இன்னொரு குழப்பமும் உண்டு. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடிகளின் அட்டையில் 112 நிமிடம் என்று இருக்கும். ஐந்து நிமிடத்தை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பதறவேண்டாம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடவேண்டிய படத்தை 25 ஃபிரேமாக ஓட்டுவதால் வருவது அது. 117-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 112.3. படம் முழுசாகவே இருக்கிறது; ஆனால் 4 சதவீதம் வேகமாக ஓடும். ஒலியைத் திருத்தாமல் விட்டிருந்தால் குரல்களும் வாஞ்செலிஸின் இசையும் கொஞ்சம் மேல் சுருதியில் கேட்கும்.

அப்படியானால் கையில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்தைப் போட்டுப் பார்த்தால் முதல் கால் மணி நேரத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும். தொடக்கத்தில் ரெப்ளிகன்ட்கள் எனப்படும் செயற்கை மனிதர்கள் யார் என்று விளக்கும் நீளமான எழுத்துகள் மேலே ஏறுகின்றனவா, அல்லது அகராதியில் இருப்பதுபோல அந்தச் சொல்லுக்கு ஒரு சுருக்கமான பொருள் மட்டும் வருகிறதா? அகராதி வந்தால் அது வொர்க்பிரிண்ட். நீளமான எழுத்து வந்தால், கதாநாயகன் டெக்கார்ட் தெருவில் செய்தித்தாளோடு காத்திருக்கும் காட்சிக்குக் காது கொடுங்கள். டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் கதை சொல்ல ஆரம்பித்தால் அது 1982-இன் இரண்டு வடிவங்களில் ஒன்று. குரல் இல்லையென்றால் 1992 அல்லது 2007.

1982-இன் இரண்டையும் பிரித்தறிய, ரெப்ளிகன்ட்களைத் தயாரிக்கும் நிறுவனத்தின் முதலாளி டைரல் சாகும் காட்சிவரை பொறுத்திருக்க வேண்டும். ரெப்ளிகன்ட்களின் தலைவன் ராய் பாட்டி அவர் கண்களில் விரலை அழுத்துவது விரிவாகவும் ரத்தத்தோடும் காட்டப்பட்டால் சர்வதேச வடிவம். அமெரிக்கத் திரையரங்குகளில் அது சுருக்கப்பட்டிருந்தது. பிரிஸ் என்ற ரெப்ளிகன்ட் டெக்கார்டைத் தாக்கும் இடத்திலும், ராய் தன் கையில் ஆணியைச் செருகிக்கொள்ளும் இடத்திலும் இதே மாதிரி சில விநாடி வேறுபாடுகள். மொத்தமாகச் சேர்த்தாலும் அட்டையில் ஒரு நிமிடம்கூட மாறாத அளவு.

1992-ஐயும் 2007-ஐயும் பிரிக்க எளிய இடம், டெக்கார்ட் பியானோ முன் அமர்ந்திருக்கும் காட்சி. இரண்டிலும் ஒற்றைக் கொம்புக் குதிரை வரும். 1992-இல் டெக்கார்ட், பிறகு குதிரை, பிறகு மறுபடி டெக்கார்ட் என்று ஒரே ஒரு போக்குவரத்துதான். 2007-இல் குதிரையும் விழித்த கண்களோடு இருக்கும் டெக்கார்டின் முகமும் மாறி மாறி வருகின்றன. அது தூக்கத்தில் வந்த கனவா, விழிப்பில் வந்த நினைவா என்ற கேள்விக்கே இந்த எடிட்டிங்தான் பதில் சொல்கிறது. ஆகவே இதைச் சின்ன வித்தியாசம் என்று தள்ள முடியாது. 1992-இல் ஏன் அப்படிச் செய்யவில்லை என்றால், அந்த முழுத் தொகுப்பின் நல்ல தரமான பிரதி அப்போது கிடைக்கவில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால், காவல் அதிகாரி பிரையன்டின் கணக்கைக் கேளுங்கள். ஆறு ரெப்ளிகன்ட்கள் தப்பி வந்தார்கள், ஒன்று மின்வேலியில் கருகிவிட்டது என்று அவர் சொன்னால் மீதம் ஐந்து இருக்கவேண்டும். படத்தில் தேடப்படுவதோ நான்கு பேர். 25 ஆண்டுகள் ரசிகர்கள் அந்த ஐந்தாவது ஆள் டெக்கார்ட்தான் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2007-இல் ‘இரண்டு கருகின’ என்று வசனத்தைத் திருத்தி, அந்த வாதத்தில் ஒரு காலை ஒடித்துவிட்டார்கள். பறக்கும் கார் கிளம்பும்போது அதைத் தூக்கும் கம்பிகள் தெரிந்தால் அது 2007 அல்ல. ஸோரா என்ற ரெப்ளிகன்ட் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும்போது விக் வைத்த சண்டைக் கலைஞரின் முகம் தெரிந்தாலும் 2007 அல்ல. ஃபைனல் கட்டுக்காக ஸோராவாக நடித்த ஜோவன்னா காசிடியை மறுபடி படம்பிடித்து அந்த முகத்தைப் பொருத்தினார்கள். பாம்பு வியாபாரியிடம் பேசும் காட்சியில் உதடும் வசனமும் ஒட்டாமல் இருந்ததை, ஹாரிசன் ஃபோர்டின் மகன் பென் ஃபோர்டைப் பேசவைத்து, அவர் வாயை அப்பாவின் முகத்தில் ஒட்டிச் சரிசெய்தார்கள். ராய் சாகும் தருணத்தில் அவன் கையிலிருந்து விடுபடும் புறா, 1982-இலும் 1992-இலும், கொட்டும் மழை இரவிலிருந்து திடீரென்று நீல வானத்துக்குள் பறந்து போகும். 2007-இல்தான் அந்த வானம் இருட்டானது.

முடிவுக் காட்சியையும் சொல்லிவிடுகிறேன். டெக்கார்டும் அவன் காதலி ரேச்சலும் பசுமையான மலைப்பகுதியில் காரில் போனால் 1982. அந்த வான்வழிக் காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்தவை. மற்ற எல்லாவற்றிலும் லிஃப்ட் கதவு மூடுவதோடு சரி.

இனி ‘டைரக்டர்ஸ் கட்’ என்ற பெயர். 1982 மார்ச்சில் டென்வர், டல்லாஸ் நகரங்களில் காட்டிய முன்னோட்டம் எடுபடாததால்தான் பின்னணிக் குரலும் மகிழ்ச்சியான முடிவும் படத்துக்குள் வந்தன. அந்த முன்னோட்டத்தின் 70 மி.மீ. பிரதி ஒன்று 1990-இல் லாஸ் ஏஞ்சலஸ் திரையரங்கு ஒன்றில் ஓடியது. பார்த்தவர்கள் இதுதான் இயக்குநரின் வடிவம் என்று நினைத்தார்கள். 1991-இலும் அது அதே பெயரில் அரங்கு நிறைந்து ஓடியது. இது முடிக்கப்படாத வேலை, என் வடிவம் அல்ல என்று ஸ்காட் சொன்ன பிறகுதான் ஸ்டுடியோ புதிதாக ஒன்றைத் தயாரிக்க இறங்கியது. அதைச் செய்தவர் படப் பாதுகாப்பு வல்லுநர் மைக்கேல் ஆரிக். ஸ்காட் குறிப்புகள் கொடுத்தார். குரலை எடுத்தார்கள், முடிவை வெட்டினார்கள், குதிரையைச் சேர்த்தார்கள். நேரமும் பணமும் அதற்குத்தான் போதுமானதாக இருந்தது. கம்பியும் விக்கும் நீல வானமும் அப்படியே நின்றன. சர்வதேச வடிவத்தின் வன்முறைக் காட்சிகளும் அதில் இல்லை. ஸ்காட்டுக்கு முழுக் கட்டுப்பாடு கிடைத்தது ஃபைனல் கட்டில் மட்டுமே. சார்லஸ் டி லாஸிரிகா தயாரிப்பில் அது 2007 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது.

அட்டையில் உள்ள பெயரை நம்பக்கூடாது என்பதற்கு அதே இயக்குநரின் ‘ஏலியன்’ இன்னொரு சாட்சி. 2003-இல் வந்த அதன் டைரக்டர்ஸ் கட், 1979 படத்தைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் குறைவு. தனக்கு நிறைவானது பழைய வடிவம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். சில சமயம் அந்தப் பெயர் விற்பனைப் பிரிவுக்காரர் வைத்தது.

வட்டுகளுக்கு வருவோம். 1987-இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட, டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டான லேசர் டிஸ்க்கில் இருந்தது சர்வதேச வடிவம். அகலத்திரை வடிவம் முழுசாக, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு. அதன் புகழை மறுக்கவில்லை; ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க முறையில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 480 கோடுகள். 2.39:1 படத்தை 4:3 சட்டத்துக்குள் வைத்தால் அதில் 268 கோடுகள்தான் படம், மீதி வெறும் கறுப்பு. அகலத்திரைக்கென்று நீட்டிப் பதித்த டிவிடியில் அது சுமார் 357 ஆகிறது. ப்ளூ-ரேயில் சுமார் 800. 4கே வட்டில் சுமார் 1,600. பழைய லேசர் டிஸ்க்கை இன்றைய பெரிய டிவியில் போட்டு ‘படம் மங்கல்’ என்பவர்கள் வட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. விலை கொடுத்து வாங்குமுன் லேசர் டிஸ்க்கின் ஓரங்களையும் பாருங்கள். பசை வழியாகக் காற்றும் ஈரமும் புகுந்து உள்ளே அலுமினியம் அரித்திருந்தால் திரையில் வண்ணப் புள்ளிகள் மின்னும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

ஐந்து வடிவங்களும் ஒரே பெட்டியில் வந்தது 2007 டிசம்பர் 18-இல். டிவிடி, ப்ளூ-ரே, அதற்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடி என்று மூன்று வகையிலும் வந்தன. அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2008 பிப்ரவரி 19-இல், டோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. பழைய பொருள் விற்பவர்களிடம் எச்டி டிவிடி பெட்டி மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். ப்ளூ-ரே கருவியில் அது ஓடாது. 2012-இன் முப்பதாம் ஆண்டு ப்ளூ-ரே தொகுப்பும் ஐந்தையும் கொண்டது. சுமார் மூன்றரை மணி நேர ஆவணப்படமான ‘டேஞ்சரஸ் டேஸ்’ அதில் சேர்ந்து வந்தது. ஐந்தோடு கதை முடிந்துவிடவில்லை. 1982 மே மாதம் சான் டியாகோவில் ஒரே ஒருமுறை காட்டிய வடிவமும், 1986-இல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக வெட்டிய 114 நிமிட வடிவமும் எந்த வட்டிலும் வரவில்லை.

இந்தத் தொகுப்புகளைப் பற்றிக் கட்டுரையாளர் ‘மூன்று படம் ஒரே வட்டில் எப்படி?’ என்று வியந்திருந்தார். மூன்று முழுப் படங்கள் அதில் பதிவாகவில்லை. 1982-இன் இரண்டும் 1992-உம் ஒரே வட்டில் இருப்பது, ரயில் பாதையில் பாயின்ட் மாற்றுவது போன்ற ஏற்பாட்டால்தான். பொதுவான காட்சிகள் ஒருமுறை மட்டும் பதிவாகியிருக்கும். மாறும் காட்சிகள் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். மெனுவில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வடிவத்துக்கு ஒரு பிளேலிஸ்ட். அது எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்று சொல்லும். லென்ஸ் அந்த இடத்துக்குத் தாவும் நேரத்தில் கருவியின் நினைவகத்தில் சேர்ந்திருக்கும் படம் ஓடிக்கொண்டிருக்கும். நினைவகம் வற்றினால் அரை விநாடி உறைந்து நிற்கும்.

இங்கேதான் பலர் நல்ல வட்டைக் கெட்டுப்போனதென்று திருப்பிக் கொடுக்கிறார்கள். படம் தடுமாறினால், அதே காட்சியை மற்ற இரண்டு வடிவங்களிலும் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் அதே இடத்தில் தடுமாறினால் அது பொதுத் துண்டில் உள்ள கீறல் அல்லது அழுக்கு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் மென்மையான துணியால் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே புதிய கீறல் விழும். ஒரு வடிவத்தில் மட்டும், அதுவும் காட்சி மாறும் விளிம்பில் தடுமாறினால் குறை கருவியில். அதன் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். படம் ஓடி ஒலி மட்டும் ‘டிக்’ என்று வெட்டினால், கருவியின் ஒலி வெளியீட்டை பிட்ஸ்ட்ரீமிலிருந்து (ஒலியைப் பிரிக்காமல் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது) பிசிஎம்முக்கு (கருவியே பிரித்து அனுப்புவது) மாற்றுங்கள். இணைப்புப் புள்ளியில் ஆம்ப்ளிஃபயர் ஒலியின் பிடியை விட்டுவிடுவதால் வரும் கோளாறு அது.

சொந்த வட்டைக் கணினிக் கோப்பாக வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. துண்டுகளை வரிசைப்படி ஒட்டினால் போதும் என்று நினைப்பார்கள். திரைப்பட ஃபிரேம் ஒன்று 41.7 மில்லி விநாடி. டால்பி டிஜிட்டல் ஒலியின் ஒரு பொட்டலம் 1,536 ஒலி மாதிரிகள், அதாவது 32 மில்லி விநாடி. இரண்டும் ஒரே இடத்தில் முடிவதில்லை. அதனால் ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் கொஞ்சம் ஒலி நீட்டிக்கொண்டிருக்கும். வட்டுக் கருவி அதைத் தள்ளிவிடும், வெறுமனே ஒட்டுகிற மென்பொருள் சேர்த்துக்கொள்ளும். 12 இணைப்புகள் என்றால் மோசமான நிலையில் 0.38 விநாடி பிசகு. ஒலி 0.1 விநாடி தாண்டிப் பிந்தினாலே பலர் கண்ணுக்கு உதடு ஒட்டாமல் தெரியும். ஆகவே தனித் துண்டுகளை எடுக்காமல் பிளேலிஸ்ட்டைப் படிக்கும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். பிசகு சேர்ந்துகொண்டே போவதால், சரிபார்க்க வேண்டிய இடமும் படத்தின் தொடக்கம் அல்ல. மொட்டை மாடியில் ராய் பேசும் கடைசி வசனம்.

2017-இல் வந்த 4கே வட்டைத்தான் கட்டுரை முடிவாகப் பரிந்துரைக்கிறது. ஃபைனல் கட்டுக்காக என்றால் எனக்கும் மறுப்பில்லை. 35 மி.மீ. நெகட்டிவை 4கே அளவிலும், 65 மி.மீ.-இல் எடுத்த தந்திரக் காட்சிகளை 8கே அளவிலும் ஸ்கேன் செய்து உருவாக்கியது அது. தொடக்கத்தில் வரும் தொழிற்சாலைத் தீப்பிழம்புகளை அதைவிட நன்றாக வீட்டில் பார்க்க வழியில்லை. ஆனால் அந்த 4கே வட்டில் இருப்பது ஃபைனல் கட் ஒன்றுதான். 1982, 1992 வடிவங்கள் சாதாரண ப்ளூ-ரே தரத்திலேயே நிற்கின்றன. அவை சேர்ந்து வரும் தொகுப்புகள் உண்டு, வராதவையும் உண்டு. வொர்க்பிரிண்ட் வட்டு எல்லாப் பெட்டியிலும் இருக்காது. பின்னட்டையில் வடிவங்களின் பெயரை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வாங்குங்கள்.

நிறமும் ஒரு காரணம். ஃபைனல் கட்டின் நிறம் நீலப் பச்சைப் பக்கம் சாய்ந்தது. இயக்குநர் ஒப்புக்கொண்ட நிறம்தான், சந்தேகமில்லை. ஆனால் 1982-இல் அரங்கில் பார்த்தவர்களும், பத்தாண்டுகள் கேசட்டிலும் லேசர் டிஸ்க்கிலும் பார்த்தவர்களும் கண்ட நிறம் அதுவல்ல. அடுத்து வந்த அறிவியல் புனைவுப் படங்கள் பலவும் பார்த்துக் கற்றுக்கொண்டது, கம்பி தெரியும் அந்தப் படத்தைத்தான். பின்னணிக் குரல் எனக்கும் பிடித்ததல்ல. பல இடங்களில் கண்ணுக்குத் தெரிவதையே காதுக்கும் சொல்கிறது. ஆனாலும் படத்தின் ஓட்டம், அந்தக் குரலுக்கு இடம்விட்டு வெட்டப்பட்ட எடிட்டிங் தாளத்தில் இருக்கிறது. 1992-இல் குரலை மட்டும் உருவியதால்தான் சில காட்சிகளில் காரணமில்லாத நீண்ட மௌனம் விழுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அது புரியும். பார்க்க இரண்டும் கிடைக்க வேண்டும்.

வொர்க்பிரிண்டை யாருக்கும் முதல் பார்வைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கடைசிப் பகுதியில் வாஞ்செலிஸின் இசைக்குப் பதிலாக வேறு படங்களின் தற்காலிக இசை ஓடுகிறது, படமும் சொரசொரப்பு. ராய் இறந்த பிறகு மட்டும் ஒரே ஒருமுறை டெக்கார்டின் குரல் வருகிறது, அதுவும் 1982 படத்தில் உள்ள வாசகம் அல்ல. படத்தொகுப்பு படிக்கிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடமே வட்டின் விலைக்கு ஈடு.

இணையத் தளங்களைப் பரிந்துரைக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். 1982 என்று ஆண்டு போட்டு உள்ளே ஃபைனல் கட்டை வைத்திருப்பது சகஜம். தங்கள் பக்கத்தில் இனி இப்படிப்பட்ட படங்களைப் பற்றி எழுதும்போது, படத்தின் ஆண்டோடு வடிவத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து அச்சிட்டால் வாசகருக்கு உதவியாக இருக்கும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் கட்டுரையின் படக்குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புறா பறக்கும் காட்சியைப் போட்டு, கீழே ‘1982-இல் வெளியான படத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் வானம் கறுப்பாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்